மேலாளர் மாறியதும் வீட்டு நிம்மதி போய்விட்டது: குறை என்னிடமா?

தாம்பரம்வாசி: வணக்கம். சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஒன்பது ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். நான் மகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வரும் மாலை நான்கரை மணிக்கு முந்தைய மேலாளர் எந்தக் கூட்டத்தையும் வைக்கமாட்டார். புதியவரும் அன்பாகத்தான் பேசுகிறார். ஆனால் ஆறு மணிக்கு வாடிக்கையாளருடன் பேச வேண்டும் என்பதை ஐந்தே முக்காலுக்குத்தான் தெரிவிக்கிறார். சம்பளமும் வேலையும் மாறவில்லை. தூக்கம் மட்டும் கெட்டுவிட்டது, வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுகிறேன். ஒரே ஒருவரால் இவ்வளவு வேறுபாடு ஏற்படுமா?

மனிதவளத்தான்: நிச்சயமாக ஏற்படும். அமெரிக்காவில் லெஸ்லி ஹேமர், எலன் கோசெக் முதலிய ஆய்வாளர்கள் 2009இல் ஊழியரின் குடும்ப வாழ்க்கைக்கு மேலாளர் தரும் ஆதரவை நான்காகப் பிரித்தார்கள்: பரிவோடு கேட்பது, அன்றாட நேரச் சிக்கலைத் தீர்த்துவைப்பது, தானே முன்மாதிரியாக நடப்பது, குழுவின் வேலைமுறையையே திருத்தியமைப்பது. உங்கள் மேலாளர் முதல் படியிலேயே நின்றுவிட்டார். 2011இல் வெளியான இவர்களது மற்றோர் ஆய்வில், மளிகைக் கடை மேற்பார்வையாளர்களுக்கு இதற்கென்றே பயிற்சி அளித்தபோது, குடும்பச் சுமை வேலையை அதிகம் பாதித்த ஊழியர்களுக்குப் பலன் கிடைத்தது. அந்தப் பாதிப்பு குறைவாக இருந்தவர்களிடமோ விளைவு நேர்மாறாக இருந்தது.

இரவு ஷிப்ட்: அந்த நேர்மாறான விளைவுக்குக் காரணம் என்னவோ, என் குழுவில் அதைக் கண்ணாரக் கண்டேன். பிள்ளை பெற்றவர்களுக்கெல்லாம் இரவு ஷிப்ட்டிலிருந்து விலக்கு அளித்து நல்லவன் என்று பெயர் வாங்கினேன். சுமை முழுவதும் மணமாகாத ஓர் இளைஞரின் தலையில் விழுந்தது. தீபாவளிக்கு முந்தைய இரவு ஊருக்குப் போகும் பையை மேசைக்கடியில் வைத்துக்கொண்டு அவர் வேலை பார்த்ததை, காலையில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோதுதான் கவனித்தேன். அவருக்கும் ஊரில் அம்மா இருக்கிறார். இப்போது ஷிப்ட் பட்டியலை மாதத் தொடக்கத்தில் எல்லோரும் கூடிப் போடுகிறோம். சண்டை வருகிறது, ஆனால் முன்கூட்டியே வந்து முடிந்துவிடுகிறது.

கோவைக்காரி: சட்டம் இருக்கிறதே என்பார்கள். மகப்பேறு நலச் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வார மகப்பேறு விடுப்பை உறுதி செய்தது; அதன்பின் வீட்டிலிருந்து வேலை செய்வதை மட்டும் நிர்வாகமும் ஊழியரும் உடன்பட்டு முடிவு செய்துகொள்ள விட்டுவிட்டது. அந்த உடன்பாடு நடைமுறையில் மேலாளரின் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டியதுதான். நான் கேட்கவே இல்லை.

தாம்பரம்வாசி: நன்றி. மாலை அழைப்பு இருந்தால் நண்பகலுக்குள் சொல்லிவிடுங்கள் என்று மட்டும் திங்கட்கிழமை கேட்கப்போகிறேன். மறுத்தால் இங்கேயே வந்து புலம்புவேன்.