121 கொரோலாவுக்குப் பெரிய இன்டேக் பைப் போட்டபிறகு இழுவை குறைஞ்சிட்டுது, அடுத்து என்ன மாத்தவேணும்?

முள்ளியவளை121

அண்ணைமாருக்கு வணக்கம். என்ரை கார் கொரோலா 121, 1500 சிசி 1என்செட் எஞ்சின், ஓட்டோ கியர். கிழமையில நாலு நாள் மாங்குளத்தில ஏறி ஏ9ஆல வவுனியாவுக்கு வேலைக்குப் போறனான். லொறியை விலத்தேக்க இன்னும் கொஞ்சம் இழுவை இருந்தால் நல்லம் எண்டு போன மாசம் எயார் ஃபில்டர் பெட்டியைக் கழட்டிப்போட்டு, கோன் ஃபில்டரும் மூண்டு இஞ்சி அலுமினியப் பைப்பும் போட்டனான். காத்தை அளக்கிற எயார் ஃப்ளோ சென்சரையும் அந்தப் பைப்பிலதான் பூட்டினது.

இப்ப 3000 ஆர்பிஎம்முக்குக் கீழ முந்தி இருந்த இழுவையும் இல்லை. நிக்கேக்க ஐடில் ஏறி ஏறி இறங்குது. மத்தியான வெயிலுக்கை அமத்தி மிதிச்சால் எஞ்சினுக்கை டிக் டிக் எண்டு தட்டுது. பத்தாம் நாள் செக் எஞ்சின் லைற் வந்தது, ஸ்கானரில பி0171 எண்ட பிழைக் கோட் காட்டினது. பெற்றோல் ஒக்ரேன் 92தான் அடிக்கிறனான்.

சாமான் வித்த இடத்தில கேட்டால், "இன்டேக் மட்டும் போட்டால் மச்சாகாது, பெரிய த்ரொட்டில் பொடி (பெடலை மிதிக்கத் திறக்கிற காத்து வாய்), ஹெடர்ஸ் (எஞ்சினில பூட்டிற புகைக் குழாய்கள்), ரெண்டரை இஞ்சி எக்ஸோஸ்ட் எல்லாம் சேர்த்துப் போடோணும்" எண்டுகினம். அவ்வளவு காசையும் போடமுதல் உங்களிட்டைக் கேக்கிறன். எதோட எது பொருந்தும், எதை முதல் மாத்திறது?

பூநகரியான்

தம்பி, வால்வ் கவரில இருந்து எஞ்சின் ஆவி வாற ப்ரீதர் ஹோஸைப் புதுப் பைப்பில மாட்டினீங்களோ, இல்லாட்டிச் சும்மா விட்டதோ? சென்சருக்குப் பிறகு எங்கையாவது காத்து உள்ளுக்கை போனாலும் இதே கோட்தான் வரும்.

முள்ளியவளை121

மாட்டித்தான் இருக்கு அண்ணை. கிளிப்புகள் எல்லாம் இறுக்கிப் பாத்திட்டன், ஓட்டை ஒண்டும் இல்லை.

கராச்காரன் மாங்குளம்

தம்பி, இனி ஒரு சாமானும் வாங்காதேங்கோ. முதல்ல உந்தத் தட்டுற சத்தம் நிக்கவேணும்.

பி0171 எண்டால் காத்துக் கூட, பெற்றோல் காணாது. உங்கட எயார் ஃப்ளோ சென்சர் சூடான கம்பி வகை. அந்தக் கம்பி பைப்புக்கால போற முழுக் காத்தையும் அளக்கிறதில்லை. தனக்குப் பக்கத்தால போற காத்தின்ரை வேகத்தைத்தான் பாக்குது. பழைய பெட்டி மூடியின்ரை விட்டத்துக்கு இவ்வளவு வேகம் எண்டால் இவ்வளவு காத்து எண்ட கணக்கு எஞ்சின் கொம்பியூட்டரான ஈசியூவுக்கை எழுதிக் கிடக்கு. அந்த மூடி உள்விட்டம் 60 மிமீ, புதுப் பைப் 75 மிமீ எண்டு வைப்பம். பரப்பளவு 1.56 மடங்கு. அதே காத்து இப்ப ஆறுதலாப் போகும், சென்சர் கிட்டத்தட்ட 36 வீதம் குறைச்சுச் சொல்லும், ஈசியூவும் அந்த அளவுக்குத்தான் பெற்றோல் விடும்.

ஆறுதலா ஓடேக்க ஒட்சிசன் சென்சரைப் பாத்து ஈசியூ பெற்றோலைக் கூட்டிச் சமாளிக்கும். அந்தத் திருத்தம் எல்லைக்குப் போய் நிண்டதாலதான் உங்களுக்கு லைற் வந்தது. லொறியை விலத்த அடிமட்டம் மிதிக்கேக்க அந்தத் திருத்தம் உடனுக்குடன் நடக்காது. பெற்றோல் காணாமல், 10.5 கொம்பிரஷனில, 92இல, வெயிலுக்கை ஓடினால் தட்டத்தான் செய்யும். அது தொடர்ந்தால் பிஸ்டன் போகும். இண்டைக்கே பழைய பெட்டியைப் பூட்டுங்கோ.

மூண்டு இஞ்சி பைப் உங்களுக்குத் தேவையோ எண்டும் பாப்பம். 1.5 லீற்றர் எஞ்சின் 6000 ஆர்பிஎம்மில நிமிசத்துக்கு 4500 லீற்றருக்கு மேல இழுக்காது. நல்லாச் சுவாசிக்கிற எஞ்சின் எண்டாலும் நடைமுறையில 4000 தான். 60 மிமீ பைப்பில அது செக்கனுக்கு 24 மீற்றர் வேகம். உந்த வேகத்துக்குப் பைப் திணறாது. மற்றது, உங்கட கோன் போனற்றுக்கை சூட்டுக் காத்தைக் குடிக்குது. வெளியில 35 பாகை, உள்ளுக்கை 60 பாகை எண்டால் ஒரே கனவளவில காத்து 7–8 வீதம் குறைவு. பழைய பெட்டி முன்னுக்கிருந்து வெளிக்காத்தை எடுத்தது, அதையும் சேர்த்துத்தான் கழட்டியிருக்கிறீங்கள்.

இன்டேக் உண்மையா அடைக்குதோ எண்டு அறிய ஒரு வழி இருக்கு. மேசன்மார் மட்டம் பாக்கிற தெளிஞ்ச ரியூப்பை எடுத்து, ஒரு பலகையில ஆங்கில யூ மாதிரி வளைச்சுக் கட்டி, பாதிக்குத் தண்ணி விடுங்கோ. கை ரெண்டும் ஒவ்வொரு மீற்றராவது இருக்கோணும், இல்லாட்டி எஞ்சின் தண்ணியை இழுத்துப்போடும். ஒரு முனையை ஃபில்டருக்கும் த்ரொட்டிலுக்கும் நடுவில இருக்கிற ப்ரீதர் வாயில மாட்டுங்கோ, வால்வ் கவர்ப் பக்கத்தைக் கொஞ்ச நேரத்துக்கு அடைச்சால் சரி. ஆளில்லாத நேர் றோட்டில ரெண்டாம் கியரில அடிமட்டம் மிதிக்கேக்க, பக்கத்தில இருக்கிறவர் ரெண்டு மட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வாசிக்கட்டும். 10 சென்ரிமீற்றர் தண்ணி எண்டால் வளிமண்டல அமுக்கத்தில ஒரு வீதம். 20 வந்தால், உலகத்தில எந்த இன்டேக் போட்டாலும் உங்களுக்குக் கிடைக்கக்கூடியது 2 வீதம்தான்.

வவுனியா 20வால்வ்

கராச் அண்ணை சொன்னது சரி. ஆனால் திறந்த இன்டேக் எல்லாருக்கும் வீண் எண்டு விளங்கிக்கொள்ள வேண்டாம். நான் வைச்சிருக்கிறது ரொயோட்டாவின்ரை 4ஏ-ஜிஇ பிளாக்ரொப் எஞ்சின். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனித் த்ரொட்டில், 11 கொம்பிரஷன், 7800 ஆர்பிஎம்மில 165 குதிரைவலு. அதில காத்தை அளக்கிறது மனிஃபோல்ட் அமுக்கச் சென்சர், அதால பைப் விட்டம் மாறினாலும் உங்களுக்கு வந்த பிழை வராது. அதுக்கு முந்தின சில்வர்ரொப்பில காத்தை அளக்கிற பெட்டி பாதையிலயே நிக்கும், அதில பாத்துத்தான் கைவைக்கோணும். ரொயோட்டாவே கேம் (வால்வுகளைத் திறக்கிற தண்டு), த்ரொட்டில், ஹெடர்ஸ், ஈசியூ எல்லாத்தையும் ஒரு குடும்பமாச் செய்து தந்த எஞ்சின் அது.

தம்பியின்ரை 1என்செட் 6000இல 110 குதிரைவலுவுக்குச் செய்தது. கேம் அந்த 6000க்கு மேல காத்தை எடுக்க விடாது. கேமை மாத்தாமல் த்ரொட்டில் பொடியைப் பெருப்பிச்சால், பெடலைக் கொஞ்சம் மிதிச்ச உடன பாயிற மாதிரி ஒரு உணர்வு வரும், அடிமட்டத்தில முந்தின அளவுதான். ஏ9இல விலத்திறதுக்கு உங்களுக்கு வேண்டியது 2500–4500 ஆர்பிஎம்மில இழுவை. அதுக்கு ஏதாவது செய்யத்தான் வேணும் எண்டால், 4-2-1 ஹெடர்ஸும் (நாலு குழாய் ரெண்டாகி, பிறகு ஒண்டாகிறது) அளவான எக்ஸோஸ்டும். 4-1 வகை மேல் ஆர்பிஎம்முக்கு. ரெண்டரை இஞ்சி உந்த எஞ்சினுக்குப் பெரிசு. ஹெடர்ஸ் பூட்டேக்க புகையைச் சுத்தமாக்கிற கற்றலைசரைக் கழட்டினால் வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனையில மாட்டுப்படுவீங்கள், அதையும் யோசியுங்கோ.

கிளி நெல்வயல்

கோன் ஃபில்டரை முன் பம்பருக்குக் கீழ இறக்கி வைச்சால் குளிர்காத்து எடுக்கலாம்தானே?

பூநகரியான்

மாரியில அப்பிடிச் செய்யாதேங்கோ. தண்ணி குறுக்கறுத்துப் பாயிற றோட்டில ஒருக்கா உள்ளுக்கை இழுத்தால் பிஸ்டனைப் பிடிக்கிற கொன்ரொட் வளைஞ்சிடும். எனக்குத் தெரிஞ்ச பெடியன் ஒருத்தன்ரை எஞ்சின் அப்பிடித்தான் போனது.

கராச்காரன் மாங்குளம்

தூசியையும் பாருங்கோ. கிறவல் றோட்டும், சூடடிப்புக் காலத்து வயல் தூசியும் உள்ள இடம் எங்கட இடம். தம்பி, புதுப் பைப்பைக் கழட்டேக்க உள்பக்கத்தை வெள்ளைத் துணியால துடைச்சுப் பாருங்கோ. செம்மண் நிறம் ஒட்டினால் ஃபில்டர் தூசியை விடுது. எண்ணெய் பூசிற வகை ஃபில்டர் எண்டால் அந்த எண்ணெய் சென்சர்க் கம்பியிலயும் படியும்.

முள்ளியவளை121

பிந்திப் பதில் போடுறதுக்கு மன்னியுங்கோ. சொன்னபடி எல்லாம் செய்தனான்.

பழைய மூடி 61 மிமீ, புதுப் பைப் 76. துணியில செம்மண் ஒட்டினது, அதைப் பாத்தவுடன நெஞ்சு பதைச்சிட்டுது. பழைய பெட்டியைப் பூட்டி, சென்சரை அதுக்குரிய ஸ்பிரேயால கழுவி, பற்றறியைக் கழட்டி மாட்டினன். பெற்றோல் திருத்தம் முந்தி +23 வீதத்தில நிண்டது, இப்ப +3. லைற்றும் இல்லை, தட்டுறதும் இல்லை, ஐடிலும் ஏறி இறங்காமல் ஒரே அளவில நிக்குது.

ரியூப் வைச்சு ஒட்டுசுட்டான் றோட்டில பாத்தம். பழைய கடதாசி ஃபில்டரோட 29 சென்ரிமீற்றர், புதுசு போட்டபிறகு 18. ஃபில்டரை நேரத்துக்கு மாத்தியிருந்தாலே எனக்குக் கிடைக்கவேண்டியது கிடைச்சிருக்கும் போல.

ஆனால் அண்ணை, விலத்தேக்க இழுவை காணாத குறை முந்தியும் இருந்தது, இப்பவும் கொஞ்சம் இருக்கு. அது ஏன்?

கராச்காரன் மாங்குளம்

கேபிள் த்ரொட்டில் எண்டால் ஒரு வேலை செய்யுங்கோ. எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு ஒரு ஆளைப் பெடலை அடிமட்டம் மிதிக்கச் சொல்லுங்கோ. நீங்கள் ரப்பர்க் குழாயைக் கழட்டி த்ரொட்டில் தட்டைப் பாருங்கோ.

முள்ளியவளை121

அண்ணை, தட்டு முழுசாத் திறக்கேல்லை! கேபிள் தொய்ஞ்சு, முக்கால்வாசிதான் திறக்குது. கையால இழுத்தால் மிச்சமும் திறக்குது.

கராச்காரன் மாங்குளம்

அட்ஜஸ்டர் நட் ரெண்டையும் இளக்கி இழுங்கோ. பெடலை விட்ட நேரம் கேபிளில ரெண்டு மிமீ தளர்வு இருக்கோணும், இல்லாட்டி ஐடில் ஏறி நிக்கும். கியருக்குப் போற கேபிள் இருந்தால் அதையும் சேர்த்துச் சரிபாருங்கோ. மாங்குளத்தால போகேக்க ஒருக்கா நிப்பாட்டுங்கோ, ஸ்கானரை மாட்டி ஓடிப் பாப்பம்.