மிலானில் பார்த்த ஆர்லெக்கினோ

மேடையில் நேரில் பார்த்த ஒரு நடிகரைப் பற்றிச் சொல்லச் சொன்னால் நான் ஃபெருச்சோ சொலேரியைத்தான் சொல்வேன். இத்தாலிக்கு வெளியே பலருக்கு இந்தப் பெயர் தெரியாது. தெரிந்தாலும் முகம் தெரியாது, ஏனென்றால் அவரை உலகறியச் செய்த வேடத்தில் பாதி முகத்தைத் தோல் முகமூடி மூடியிருக்கும்.

இடம் மிலான் ரொவெல்லோ தெரு, 1947-ல் நாடக இயக்குநர் ஜோர்ஜோ ஸ்ட்ரேலரும் அவருடைய நண்பர் பாவ்லோ கிராஸ்ஸியும் பிக்கோலோ தியேட்டரைத் தொடங்கிய அதே அரங்கு. நாடகம், 18-ஆம் நூற்றாண்டில் கார்லோ கோல்டோனி எழுதிய ‘இரண்டு எஜமானர்களின் வேலைக்காரன்’. சொலேரிக்கு அப்போது வயது எண்பதைத் தாண்டியிருந்தது.

இரட்டைக் கூலிக்கும் இரட்டைச் சாப்பாட்டுக்கும் ஆசைப்பட்டு, ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவரிடமும் வேலைக்குச் சேர்ந்துவிடுகிறான் சொலேரி நடித்த வேலைக்காரன் ஆர்லெக்கினோ. வெனிஸ் சத்திரத்தில் இரண்டு எஜமானர்களும் ஒரே நேரத்தில் சாப்பிட உட்கார, இவன் வெறும் வயிற்றோடு தட்டுகளை ஏந்திக்கொண்டு இங்கும் அங்கும் ஓடுகிறான். இன்னொரு இடத்தில், பசி தாங்காமல் ஒரு ஈயைப் பிடித்துத் தின்கிறான். மேடையில் ஈ ஏது? முதலில் காது கூர்மையாகிறது, அப்புறம் கழுத்து திரும்புகிறது, பாதம் சத்தமில்லாமல் நகர்கிறது. அரங்கு முழுக்க அந்த ஈயைப் பார்த்தது. எனக்கு இத்தாலி மொழி அரைகுறைதான், ஆனால் அங்கே எதுவும் விட்டுப்போகவில்லை.

பிக்கோலோ தியேட்டரில் இந்த வேடத்தை முதலில் செய்தவர் மார்ச்செல்லோ மொரெத்தி. ஆரம்பத்தில் முகமூடி பிடிக்காமல் முகத்தில் கறுப்பு மை பூசிக்கொண்டு நடித்தாராம். பிறகு பாதோவாவைச் சேர்ந்த சிற்பி அம்லேத்தோ சர்த்தோரி செய்த தோல் முகமூடிக்குப் பழகினார். 1929-ல் ஃப்ளாரன்ஸில் பிறந்து ரோமில் நாடகம் படித்த சொலேரி, 1960-ல் நியூயார்க்கில் மொரெத்திக்கு மாற்றாக இதே வேடத்தில் மேடையேறினார். மறுவருடம் மொரெத்தி இறந்தார். 1963-லிருந்து வேடம் சொலேரியுடையதானது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட காட்சிகள், கின்னஸ் சாதனை எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

ஒரே வேடத்தில் ஒரு நடிகர் வாழ்நாளைச் செலவிடலாமா என்று சிலர் கேட்பார்கள். அவரைப் பார்த்த பிறகு எனக்கு அந்தக் கேள்வி எழவில்லை. முகம் கிடையாது என்றானதும் கோபம், பயம், பசி எல்லாவற்றையும் தோளுக்கும் முழங்காலுக்கும் விரல்நுனிக்கும் கொண்டுவர வேண்டும். அதை ஒரு உடம்பு பழகிக்கொள்ள அத்தனை வருடம் தேவைதான்.

நாடகம் முடிந்து வணங்க வந்தபோது முகமூடியைக் கழற்றினார். உள்ளே சுருக்கம் விழுந்த ஒரு முதியவரின் முகம். கைதட்டல் ஒரு கணம் தடுமாறி, பிறகு இரண்டு மடங்காக எழுந்தது. பக்கத்தில் பாட்டியோடு வந்திருந்த சிறுமி, “இவரா அவர்?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

2018-ல் அவர் ஓய்வு பெற்றார். அவரோடு பல வருடம் அந்த வேடத்தை மாறி மாறிச் செய்துவந்த என்ரிகோ போனவேரா அதை ஏற்றுக்கொண்டார். மிலான் பக்கம் போகிறவர்கள் இந்த நாடகம் நடக்கிறதா என்று விசாரித்துப் பாருங்கள். கிடைத்தால் முன்வரிசை டிக்கெட் வாங்குங்கள், கால்களைப் பார்க்க வேண்டும்.