பதினான்காம் லூயி குதிரைச் சிலை: பழைய வார்ப்பா, 19ஆம் நூற்றாண்டு நகலா?

கேள்வி:
வணக்கம். 48 செ.மீ. உயர வெண்கலச் சிலை. ரோமானியக் கவசம், நீளச் சுருள் பொய்முடி, அங்கவடி (சேணத்தில் கால் வைக்கும் வளையம்) இல்லை. ராஜா உருவம் தனியாகக் கழன்று வருகிறது. பாரிஸ் வாந்தோம் சதுக்கத்தில் நின்ற, சிற்பி ழிரார்தோன் செய்த சிலையின் சிறுவடிவம் என்கிறார் விற்பவர். காலத்தை எதை வைத்துச் சொல்வது? மங்கலாக இருக்கிறது, பித்தளை பாலிஷ் போடலாமா?

பதில் 1:
அங்கவடி இல்லாதது குறை அல்ல. ராஜாவை ரோமப் பேரரசராகக் காட்டத்தான் அப்படி வடித்தார்கள். ரோமர்களிடம் அங்கவடி கிடையாது. பெரிய சிலையை பால்தசார் கெல்லர் 1692இல் ஒரே ஊற்றாக வார்த்தார். 1699இல் நிறுவினார்கள், 1792இல் பிரெஞ்சுப் புரட்சியில் உடைத்தார்கள். லியோன் நகருக்கு தெழார்தேன் என்ற சிற்பி செய்த லூயி சிலையும் இதே ரோமானியக் கோலம்தான். அதனால் உடையை மட்டும் பார்த்து ழிரார்தோன் பெயரைச் சொல்லக் கூடாது.

பதில் 2:
ராஜா கழன்று வருவது நல்ல வசதி. சேணத்துத் துளை வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். மெழுகு வார்ப்பு (மெழுகு உருவை மண்ணால் மூடி உருக்கி எடுத்து, அந்த இடத்தில் உலோகம் ஊற்றுவது) என்றால் உட்சுவர் வெளி வளைவுகளைத் தொடர்ந்து மேடுபள்ளமாகப் போகும். உள்மண்ணும் (உள்ளே வெற்றிடம் வர வைக்கும் மண் கரு) அதைத் தாங்கும் இரும்புக் கம்பியும் மிச்சம் இருக்கலாம். மணல் வார்ப்பில் (மணலில் அச்செடுத்து ஊற்றுவது) தலை, வால், கால் எல்லாம் தனித்தனியாக வார்த்துப் பொருத்திய மூட்டுகள் தெரியும். 19ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் பட்டறைகளில் அதுதான் பெருவழக்கு. திருகாணி மரை ஒரே சீராக இருந்தால் இயந்திர வேலை. ஆனால் பிற்காலப் பழுதுபார்ப்பில் மாற்றியிருக்கலாம், அதை மட்டும் நம்பாதீர்கள்.

அடுத்து அளவு. வெண்கலம் ஆறும்போது சுமார் 1.5% சுருங்கும். பழைய சிலையிலேயே அச்செடுத்து வார்த்த நகல், 48 செ.மீ.க்கு ஏறத்தாழ 7 மி.மீ. குறையும். பீடம் மாறியிருக்கலாம் என்பதால் மொத்த உயரம் வேண்டாம். மூக்குத்துளையிலிருந்து வால் அடிவரை காலிப்பரால் (துல்லியமாக அளக்கும் இடுக்கிக் கருவி) அளந்து அருங்காட்சியகப் பிரதியோடு ஒப்பிடுங்கள். நகலில் கடிவாள வாரின் விளிம்பும் பிடரிமயிர் இழையும் மழுங்கியிருக்கும்.

பதில் 3:
பாலிஷ் வேண்டவே வேண்டாம்! பழைய பிரெஞ்சு வெண்கலத்தின் மேல் ஒளி ஊடுருவும் செம்பழுப்பு வார்னிஷ் பூசியிருப்பார்கள். கைபடும் மூக்கிலும் முழங்காலிலும் அது தேய்ந்து பொன்னிறம் தெரியும், பள்ளங்களில் அடர்ந்து நிற்கும். அந்த ஏற்ற இறக்கமே ஒரு சாட்சி. பாலிஷ் அதை அழித்துவிடும், இடுக்குகளில் வெள்ளைப் பொடியும் தங்கும். மென்மையான காய்ந்த தூரிகை போதும். வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்தால் குளோரைடு அரிப்பாக (உப்பால் வெண்கலம் அரிக்கப்படுவது) இருக்கலாம். ஈரமில்லாத இடத்தில் தனியே வைத்துப் பாதுகாப்பு வல்லுநரிடம் காட்டுங்கள்.

தூக்கும்போது ராஜாவைக் கழற்றிவிட்டு, குதிரையின் வயிற்றைத் தாங்கிப் பிடியுங்கள். உள்ளிருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடித்து உப்பினால் குளம்புக்குச் சற்று மேலே, கால் மெலியும் இடத்தில், மயிரிழை விரிசல் விடும். வாங்குவதற்கு முன் நான்கு கால்களிலும் அந்த இடத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள்.