சாண்ட்ஸ் ஆஃப் டைம்: லிஃப்ட் சண்டையில் மணல் பத்தவே மாட்டேங்குது

கேள்வி:
பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா: தி சாண்ட்ஸ் ஆஃப் டைம் (2003) வீடியோ கேம், பிளேஸ்டேஷன் 2 பதிப்பு. இளவரசனுக்குத் துணையாக வரும் ஃபரா என்ற பெண்ணோடு மேலே போகிற லிஃப்ட்டில், எதிரிக் கூட்டத்துடன் நடக்கும் சண்டையில் சிக்கியிருக்கிறேன். இடம் சின்னது, குடித்து ரத்தம் (உயிர் அளவு) ஏற்றத் தண்ணீரும் கிடையாது. நாலைந்து பேரை வீழ்த்துவதற்குள் காலத்தைப் பின்னோக்கி ஓட்ட உதவும் மணல் டேங்க் எல்லாம் காலி. அப்புறம் நானோ ஃபராவோ செத்தால் முதலிலிருந்து. எங்கே தப்பு?

பதில் 1:
எல்1 பட்டனை எப்போது அழுத்துகிறீர்கள் என்று பாருங்கள். காலத்தைக் கொஞ்சமாகப் பின்னோக்கி ஓட்டினாலும் சரி, முழுசாக ஓட்டினாலும் சரி, செலவு ஒரு டேங்க். அதனால் ஒரு வெட்டு விழுந்ததற்கெல்லாம் ஓட்டாதீர்கள். ரத்தம் சுத்தமாகத் தீர்ந்து இளவரசன் சரிந்த பிறகும் ஓட்ட நேரம் கிடைக்கும். அதுவரை பொறுங்கள்.

ஆனால் ஓட்டும்போது கண் திரையில் இருக்கட்டும். ரொம்பப் பின்னால் போனால் நீங்கள் ஏற்கெனவே முடித்த ஆளும் உயிரோடு நிற்பான். அடி விழத் தொடங்கிய இடத்துக்குச் சற்று முன்னால் விரலை எடுத்துவிடுங்கள். எல்1ஐ லேசாகத் தட்டினால் வரும் ஸ்லோ மோஷனும் மணலைத்தான் தின்னும். இந்தச் சண்டையில் அதைத் தொடவே வேண்டாம்.

பதில் 2:
மேலே சொன்னது சரி, ஆனால் செலவைக் குறைத்தால் மட்டும் போதாது, வரவும் வேண்டும். வாளால் எத்தனை வெட்டு வெட்டினாலும் எதிரி சாக மாட்டான், கீழே விழுவான். சில நொடியில் எழுந்தும் விடுவான். விழுந்தவுடன் முக்கோண பட்டனை அழுத்திக் கத்தியால் மணலை உறிஞ்சினால்தான் அவன் கதை முடியும், டேங்க்கும் நிறையும். உறிஞ்சும் நேரத்தில் பக்கத்தில் ஒருத்தன் நின்றால் அடித்துக் கலைத்துவிடுவான், மொத்த உழைப்பும் வீண். எனவே கூட்டத்தின் ஓரத்தில் நிற்பவனாகப் பார்த்து வீழ்த்துங்கள்.

வீழ்த்தச் சுலபமான வழி: எதிரியை நோக்கி எக்ஸ் அழுத்தி அவன் தோள்மேல் தாவுங்கள், அந்தப் பக்கம் இறங்கும்போது சதுர பட்டன். வெட்டு முதுகில் விழும், ஆளும் சாய்வான். உடனே முக்கோணம். நீல உடைக்காரர்களிடம் மட்டும் இது செல்லாது, தாவும்போதே தட்டிவிடுவார்கள். அவர்களுக்காகத்தான் பிறை வடிவ டேங்க். நிற்கும்போதே கத்தியால் குத்தினால் அதில் ஒன்று செலவாகி, அவர்கள் உறைந்து போவார்கள். உருகுவதற்குள் வாளால் வெட்டுங்கள். பிறையை மற்றவர்கள்மேல் வீணாக்காதீர்கள்.

பதில் 3:
ஃபராவைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. அவள் வில்லாளி, எதிரி நெருங்கிவிட்டால் திணறுவாள். அவள் பக்கத்திலேயே நின்று காவல் காத்தால் கூட்டமும் அங்கேயே வரும், அவளுக்கும் அடி விழும். எதிர் மூலைக்கு இழுத்துப் போங்கள். அதற்காக அவளுக்கும் எதிரிக்கும் நடுவில், அம்பு பாயும் கோட்டில் நிற்காதீர்கள், அவள் அம்பு இளவரசன்மேலும் தைக்கும். ‘காப்பாற்று’ என்று அவள் குரல் கேட்டால் கையில் இருக்கும் ஆளை விட்டுவிட்டு, அவளை வெட்டுபவன்மேல் தாவுங்கள்.

கேட்டவர்:
டேங்க் எண்ணிக்கையைக் கூட்ட வழி உண்டா?

பதில் 2:
மணல் மேகம் 8 உறிஞ்சினால் ஒரு டேங்க் கூடும். ஆனால் அவை வழியில் ஓரம்சாரமாகக் கிடப்பவை, லிஃப்ட்டுக்குள் வந்த பிறகு திரும்பிப் போக முடியாது. பழைய சேவ் இருந்தால் அதிலிருந்து பொறுக்கிக்கொண்டு வாருங்கள்.