புதுப்பிப்பு: இரட்டைக் கை ஹார்ட் டிஸ்க் – பிழை டிஸ்க்கில் இல்லை

போன கிழமை இங்கே புலம்பியிருந்தேன்: வெள்ளவத்தையில் எங்கள் வீடியோ ஸ்டூடியோ சேர்வருக்கு இரண்டு ஆக்சுவேட்டர் (டிஸ்க்கில் எழுதி வாசிக்கிற தலைகளை நகர்த்துகிற கை) உள்ள சாட்டா இணைப்பு டிஸ்க் வாங்கியும், வேகம் சாதாரண டிஸ்க் மாதிரியே இருக்குது என்று. பிழை டிஸ்க்கில் இல்லை; பழசாய் இருந்தது லினக்ஸின் கேர்னல்தான் (வன்பொருளை இயக்குகிற மையப் பகுதி).

உபுண்டு 22.04 (லினக்ஸின் ஒரு வகை) உடன் வந்த கேர்னல் 5.15ஐயே வைத்திருந்தேன். டிஸ்க்கின் எந்தப் பகுதி எந்தக் கைக்கு என்று லினக்ஸ் கேட்டறியத் தொடங்கியதே 5.16இல். இப்போது 6.8 போட்டாச்சு. டிஸ்க்கில் தரவு இருக்கும் இட முகவரிகளின் முதல் பாதி ஒரு கைக்கு, மீதி மற்றதுக்கு என்று தெளிவாய்க் காட்டுது.

காட்டினால் மட்டும் போதுமா? ஒரு கை சும்மா கிடக்காமல் வேலையைப் பிரித்துக் கொடுக்கிறது பிஎஃப்க்யூ ஷெட்யூலர் (டிஸ்க்குக்குப் போகும் வேலைகளை வரிசைப்படுத்துகிற கேர்னல் பகுதி). அந்த வசதி 6.3இல்தான் வந்தது. பிஎஃப்க்யூவுக்கு மாற்றிய பிறகு நாலு எடிட்டர்மார் ஒரே நேரத்தில் வேலை செய்தாலும் இழுபடவில்லை. பெரிய கோப்பு ஒன்றைத் தனியாகக் கொப்பி பண்ணினால் பழைய வேகம்தான். அது ஒரு பாதிக்குள்ளேயே கிடக்கும், ஒரு கைதான் வேலை செய்யும்.

இரண்டு பாதியையும் ரெய்ட் 1 (ஒன்று போனாலும் மற்றதில் இருக்க, அதே தரவை இரண்டிலும் எழுதுகிற முறை) ஆக்கலாமா என்று கேட்ட தம்பிக்கு: வேண்டாம் ராசா. சுழற்றுகிற மோட்டர் ஒன்றுதான். அது போனால் இரண்டும் போச்சு.