ட்ரம்ப்ளே வம்சாவளி: அமெரிக்காவோட நிண்டுபோச்சு, அவசர உதவி

மொன்றியல்_மருமகன்
மகளின்ர பள்ளிக்கூட வேலை, திங்கள் குடுக்கோணும். மனுசியின்ர தாய்வழியில ஜோசப் ட்ரொம்ப்ளி எண்டொருத்தர். அவருக்கு மேல ஒண்டும் இல்லை. ஃபேமிலிசர்ச் வம்சாவளித் தளத்தில போட்டால் நூற்றுக்கணக்கில ஜோசப் வருது. பிரான்சில இருந்து முதல் வந்த ஆளை எப்பிடிப் பிடிக்கிறது?

பங்குப்பதிவு
எந்த ஊர்? எந்த ஆண்டு? மனைவி பெயர்? 'ட்ரொம்ப்ளி' என்ற எழுத்துக்கூட்டல் எந்த ஆவணத்தில் இருக்கிறது?

வேர்த்தேடி
இதுக்கு ஏன் இவ்வளவு? ட்ரொம்ப்ளின்னா ட்ரம்ப்ளேதான். அந்தப் பேர்க்காரங்க எல்லாரும் ஒரே ஆளோட வாரிசு: பியேர் ட்ரம்ப்ளே, பிரான்சில பெர்ஷ் பகுதி, ராந்தொனே ஊர். 1657ல கியூபெக்கில ஓசான் அஷோனைக் கட்டினார். அந்தம்மா 'ராஜாவின் மகள்கள்'ல ஒருத்தர். எழுதிக் குடுத்துடுங்க.

ஏட்டுச்சுவடி
1657இல் மணமானவர் எப்படி ராஜாவின் மகள் ஆவார்? பிரெஞ்சு அரசர் செலவில், குடியேறியவர்களை மணக்கப் பெண்கள் வந்தது 1663 முதல் 1673 வரை. அவர்கள்தான் ராஜாவின் மகள்கள். ஓசான் அதற்கு முந்தைய கூட்டம். பெயரைப் பார்த்து வம்சாவளி எழுதுபவர்களுக்கு இதெல்லாம் தேவைப்படாதுதான். இரண்டு நுனி தெரிந்தால் கயிறு ஆகிவிடாது. நடுவில் ஏழெட்டுத் திருமணப் பதிவு வேண்டும்.

கிளைமரம்
டிஎன்ஏ கிட் வாங்கிடுங்க சார், எல்லாம் தானா வந்துடும்.

பங்குப்பதிவு
திங்கட்கிழமைக்குள் வராது. வந்தாலும் குழப்பும். கியூபெக் பிரெஞ்சுக்காரர் சில ஆயிரம் பேரில் தொடங்கி 300 ஆண்டுகளாக ஒருவருக்குள் ஒருவர் மணந்த கூட்டம். ஐந்தாறு தலைமுறைக்கு அப்பால் நான்கு வழியில் உறவானவர் பட்டியலில் உண்மையைவிட நெருங்கிய உறவு போல நிற்பார்.

மொன்றியல்_மருமகன்
மன்னிக்கோணும். வெர்மாண்ட், வினூஸ்கி. 1880 குடிக்கணக்கில இருக்கிறார், பிறந்தது கனடா எண்டு மட்டும் போட்டிருக்கு. மனுசி பேர் டீலியா கிரீன்வுட், மகனின்ர இறப்புப் பதிவில இருந்து எடுத்தது. அவ ஆங்கிலேயப் பொம்பிளை போல, அதால அந்தப் பக்கம் தேடேல்லை.

பங்குப்பதிவு
அங்கேதான் சிக்கியிருக்கிறீர்கள். கிரீன்வுட் ஆங்கிலப் பெயர் இல்லை, மொழிபெயர்ப்பு. பிரெஞ்சில் புவாவேர்: 'புவா' மரம், 'வேர்' பச்சை (நம் வேர் இல்லை). ருவா கிங் ஆனதும் லெப்லான் வைட் ஆனதும் இப்படித்தான். டீலியா என்பது அடேல் அல்லது கொர்டேலியாவாக இருக்கலாம்.

ஜோசப்பை விட்டுவிடுங்கள். ஞானஸ்நானத்தில் பையன் என்றால் ஜோசப், பெண் என்றால் மரி என்று முன்னால் சேர்த்துவிடுவார்கள். வீட்டில் கூப்பிடுவது அந்த ஞானஸ்நானப் பெயர்களில் கடைசியாக வருவது. அதனால் தனி ஆளைத் தேடாதீர்கள், தம்பதியைத் தேடுங்கள். ட்ரம்ப்ளே ஒரு பெட்டியில், புவாவேர் துணைவர் பெட்டியில். ஃபேமிலிசர்ச்சில் தொகுப்பு: கியூபெக் கத்தோலிக்கப் பங்குப் (கோயில் வட்டாரப்) பதிவேடுகள், 1621–1979. இலவசம். திருமணப் பதிவில் இரு வீட்டுப் பெற்றோர் பெயரும் இருக்கும், பெண்கள் பிறந்த வீட்டுப் பெயரிலேயே இருப்பார்கள். அந்தப் பெற்றோரின் திருமணம், பிறகு அவர்களின் பெற்றோர் என்று ஏறுங்கள்.

அட்டவணையில் வராவிட்டால் ஏட்டின் படத்தைப் புரட்டுங்கள். தவக்காலத்திலும் (ஈஸ்டருக்கு முன்) திருவருகைக் காலத்திலும் (கிறிஸ்துமஸுக்கு முன்) திருமணம் நடக்காது. ஜனவரி, பிப்ரவரி, நவம்பர் பக்கங்கள் முதலில். மாதப் பெயருக்குப் பதில் 7 போட்டு 'ப்ர' என்று சுருக்கியிருந்தால் அது ஜூலை இல்லை, செப்டம்பர். 8 அக்டோபர்.

ஏட்டுச்சுவடி
'தி' பெயரை, அதாவது குடும்பப் பெயரோடு ஒட்டும் இரண்டாவது பெயரை, மறந்துவிட்டீர்கள். நம்மூர்ப் பத்திரத்தில் 'என்கிற' போடுவது மாதிரி. புவாவேர் குடும்பம் மேலே போகப் போக தெநெவேர் என்றோ ஜூபான் என்றோ மாறும். அண்ணன் ஒரு பெயர், தம்பி ஒரு பெயர் என்று எழுதியிருப்பார்கள். 1800க்கு முன் போய்விட்டால் பிஆர்டிஎச் தளம் குடும்பங்களைக் கோத்தே வைத்திருக்கிறது, கட்டணம் உண்டு. பிரான்சில் எந்த ஊர் என்பதற்கு ஃபிஷியே ஒரிஜின் தளம், இலவசம். இரண்டையும் பார்க்காமல் யாரோ இணையத்தில் ஏற்றிய மரத்தை நகலெடுக்காதீர்கள்.

வேர்த்தேடி
ராஜாவின் மகள்கள்னா பாரிஸ் தெருவில பிடிச்சு அனுப்பின பெண்கள்தானே? பள்ளிக்கூடத்துல எப்படி எழுதறது?

ஏட்டுச்சுவடி
அந்தக் கதையைப் பரப்பியவர் பாரன் லாஹொந்தான் என்ற பிரெஞ்சுப் படை அதிகாரி. அவர் கனடாவில் கால் வைத்ததே 1683இல், கடைசிக் கப்பல் வந்து பத்தாண்டு கழித்து. ஏறக்குறைய 800 பெண்கள். பலர் அப்பா இல்லாதவர்கள். ஏழைகள் என்று எழுதுங்கள், அது உண்மை.

வேர்த்தேடி
கேட்டது தப்பா? எதுக்கு இவ்வளவு கோபம்?

கிளைமரம்
ஆனாலும் டிஎன்ஏ எடுத்து வைக்கிறது நல்லது.

மொன்றியல்_மருமகன்
புவாவேர் எண்டு போட வந்திட்டுது. நாலு தாய்தகப்பனும் இருக்கு. மேல ரெண்டு கலியாணம் ஏறிட்டன், லெ எபூல்மான் எண்ட ஊர் வரைக்கும். நன்றி.

பங்குப்பதிவு
லெ எபூல்மான் என்றால் சார்ல்வுவா பகுதி, அங்கே ட்ரம்ப்ளேக்கள் ஏராளம். மணமகனும் மணமகளும் ட்ரம்ப்ளேயாக வந்தால் பதற வேண்டாம், பதிவில் உறவுமுறை விலக்கு (உறவுக்குள் மணக்கத் திருச்சபை தரும் அனுமதி) இருக்கிறதா பாருங்கள். 'மூன்றாம் படி' என்றிருந்தால் இருவருக்கும் கொள்ளுத்தாத்தா கொள்ளுப்பாட்டி பொது. முதல் திருமணம் எந்தப் பங்கில் இருந்தது?

பங்குப்பதிவு
?