மீனுவுக்கு நாளைக்குத் தமிழ்த் தேர்வு (குடும்பக் குழு)

கவிதா: மீனுவுக்கு நாளைக்குக் காலையில தமிழ்த் தேர்வு. பாட்டுல என்ன அணி, அதாவது சொல்ற விதத்துல என்ன அழகுன்னு கேட்ட இடத்துல எல்லாம் உவமை அணின்னே எழுதி வச்சிருக்கா. சுந்தரி அண்ணி, கொஞ்சம் பாருங்களேன்

கவிதா: 📷 படம்

முரளி: எல்லாமே உவமையா 😀

மீனு: எல்லாத்துலயும் போல வருதே சித்தப்பா

சுந்தரி: பாத்தேன் கவிதா. மீனு, 'போல' எங்கே இருக்குன்னு தேடறதை முதல்ல நிறுத்து. ரெண்டு பொருளைத் தேடு. பேச்சு எதைப் பத்தியோ அது உவமேயம். அதை விளக்க எதைக் கொண்டு வராங்களோ அது உவமை. ரெண்டுக்கும் பொதுவான தன்மை என்னன்னு ஒரு வார்த்தையில சொல்லிப் பாரு. "மழை வரும் போல இருக்கு" இதுல பொதுத்தன்மையே கிடையாது, வெறும் ஊகம். "அக்காவைப் போலவே தங்கையும் உயரம்" இது நேரா அளந்து சொல்றது. ரெண்டுலயும் 'போல' இருக்கு, அணி இல்லை.

முரளி: ஓஹோ

சுந்தரி: "அகழ்வாரைத் தாங்கும் நிலம்போலத் தம்மை இகழ்வார்ப் பொறுத்தல் தலை" குறளை எடுத்துக்கோ. நிலம் உவமை. இகழ்வாரைப் பொறுக்கறவர் உவமேயம். பொறுமை பொதுத்தன்மை. 'போல' உருபு, அதாவது ஒப்பிட்டுக் காட்டற சொல். நாலும் வெளியில தெரியுது, அதனால உவமை அணி. இப்போ "அகர முதல எழுத்தெல்லாம் ஆதி பகவன் முதற்றே உலகு". எழுத்துக்கு அகரம் முதல்னு ஒரு வாக்கியம், உலகுக்கு ஆதிபகவன் முதல்னு இன்னொரு வாக்கியம். நடுவுல உருபே இல்லை. நீ மனசுக்குள்ள 'அதுபோல' போட்டுப் படிக்கறே, அதான் தப்பாகுது. அது எடுத்துக்காட்டு உவமை அணி.

மங்கை பெரியம்மா: பெரியப்பா பணி நிறைவுக்கு வாழ்த்து மடல் யார் எழுதறீங்க? வெள்ளிக்கிழமைக்குள்ள அச்சுக்குப் போகணும்

முரளி: எழுதிட்டேன் அண்ணி. "குடும்பத்தின் ஆணிவேரே! எங்களைக் கரை சேர்த்த கலங்கரை விளக்கே! அணையாத அன்புக் கடலே!"

கவிதா: 👏👏

மங்கை பெரியம்மா: நல்லாருக்கு. போன தடவை மாதிரி எங்க சின்னவன் பேரை மட்டும் விட்டுடாதீங்க

முரளி: அது அச்சகத்துல விட்டது அண்ணி

மங்கை பெரியம்மா: சரி சரி

சுந்தரி: முரளி, கலங்கரை விளக்கு வழி காட்டும், கரை சேர்க்காது. சேர்க்கறது படகு. 'அணையாத' விளக்குக்குப் பொருந்தும், கடலுக்கு எப்படிப் பொருந்தும்? ஆணிவேர் மண்ணுக்குள்ள, அடுத்த அடி கடற்கரை, அதுக்கடுத்து கடல். ஒரு படம் மனசுல ஊன்றதுக்குள்ள அடுத்தது வந்து இடிக்குது. மூணும் நல்ல உருவகம்தான், 'போல' இல்லாம ஒண்ணை இன்னொண்ணாவே சொல்றது, ஆனா ஒண்ணை எடுத்தா அதையே விரிக்கணும். வேர்னா கிளை, நிழல், கனின்னு போ.

முரளி: கலங்கரை விளக்கை எடுக்க மனசு வரலைக்கா

மீனு: அத்தை, சிலப்பதிகாரக் கொடி? அதுல நிஜமாவே போல் இருக்கு

சுந்தரி: நல்ல கேள்வி. "போருழந் தெடுத்த ஆரெயில் நெடுங்கொடி வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட". கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கறப்போ மதில்மேல கொடி ஆடுது. கொடி ஏன் ஆடுது?

மீனு: காத்து

சுந்தரி: பாட்டுல சொன்ன காரணம்?

மீனு: வராதீங்கன்னு சொல்லுது

சுந்தரி: அவ்வளவுதான். இயல்பா நடக்கற ஒண்ணுக்குக் கவிஞர் தன் குறிப்பை ஏத்திச் சொல்றார், தற்குறிப்பேற்ற அணி. நிஜக் காரணம் வேற, பாட்டுல சொன்ன காரணம் வேறயான்னு பாரு. வேறன்னா இதுதான். தேர்வுல இயல்பான காரணத்தையும் ஏத்தின காரணத்தையும் தனித்தனியா எழுதணும். பெயரை மட்டும் எழுதிட்டு வந்தா பாதி மதிப்பெண் போயிடும்.

கவிதா: அண்ணி மலர்க்கை கைமலர் குழப்பறா

சுந்தரி: விரிச்சுப் பாரு. மலர்க்கை, 'மலர் போன்ற கை'. உவமை முன்னால, 'போன்ற' மறைஞ்சிருக்கு, உவமைத்தொகை. கைமலர், 'கை ஆகிய மலர்'. உவமேயம் முன்னால, உருவகம். 'போன்ற' உக்காருதா 'ஆகிய' உக்காருதான்னு வாய்விட்டுச் சொன்னா காதே சொல்லிடும். "பிறவிப் பெருங்கடல் நீந்துவர் நீந்தார் இறைவன் அடிசேரா தார்" குறள்லயும் அதே மாதிரி பிறவி ஆகிய கடல். ஆனா நீந்த உதவற இறைவன் அடியைத் தெப்பம்னு சொல்லலை பாரு. ஒண்ணை உருவகம் பண்ணிட்டு அதோட தொடர்புள்ளதை விட்டா ஏகதேச உருவக அணி. வெறும் உருவகம்னு எழுதிடாதே.

முரளி: அப்போ என் மடல்ல பெரியண்ணனை வேராக்கிட்டு நம்மளைக் கிளைன்னு சொல்லாம விட்டா ஏகதேசம். விட்டுடலாமாக்கா?

சுந்தரி: விடலாம். தாராளமா.

செல்வம் பெரியப்பா: யாருக்கு மடல்?

கவிதா: 🙈

மங்கை பெரியம்மா: முரளி இவர் இந்தக் குழுவுலதான் இருக்கார்

முரளி: மீனுவோட வீட்டுப்பாடம் அண்ணா

செல்வம் பெரியப்பா: சரி. கலங்கரை விளக்கு இருக்கட்டும்

மீனு: மயிலிறகு வண்டிக் குறள் உருவகமா

சுந்தரி: "பீலிபெய் சாகாடும் அச்சிறும்", மயிலிறகுதானேன்னு அளவுக்கு மேல ஏத்தினா வண்டி அச்சும் முறியும். பாட்டு முழுக்க வண்டி, இறகு, அச்சு மட்டும்தான். சின்ன எதிரிங்கதானேன்னு பலபேரைச் சேத்துக்கிட்டா வலியவனும் அழிவான்ங்கற கருத்து பாட்டுல எங்கேயும் இல்லை. உவமையைச் சொல்லிட்டுப் பொருளை ஒளிச்சா பிறிதுமொழிதல். உருவகத்துல உவமேயம் கண்ணுக்குத் தெரியும், இதுல தெரியாது.

முரளி: கவிதா அண்ணி மாதிரி பொறுமைசாலி யாரு, திங்கட்கிழமை கேட்டா வியாழக்கிழமை நிதானமா பதில் போடுவாங்க

கவிதா: பாத்தீங்களா அண்ணி

சுந்தரி: வஞ்சப்புகழ்ச்சி, புகழற மாதிரி இகழறது. மீனு, "தேவர் அனையர் கயவர்" குறளும் இதே வகைதான். முதல்ல தேவருக்குச் சமம்னு புகழ்ச்சி. காரணம் ரெண்டாவது அடியில வருது, நினைச்சதையெல்லாம் செய்வாங்களாம். முதல் அடியோட நின்னா உவமைன்னுதான் தோணும், கடைசி வரைக்கும் படி.

மீனு: "ஊரே சிரித்தது" என்ன அணி

சுந்தரி: அது அணியே இல்லை. ஊர்ங்கற இடப்பேர் அங்கே இருக்கற மக்களுக்கு ஆகி வந்திருக்கு, இடவாகுபெயர். ஊரும் மக்களும் ஒண்ணுபோல ஒண்ணு இல்லை, ஒண்ணோட ஒண்ணுக்குத் தொடர்பு இருக்கு. ஒப்புமையா தொடர்பான்னு பாத்தா பிரிஞ்சிடும். மத்த சந்தேகத்தை நாளைக்குக் காலையில பாத்துக்கலாம், இப்போ தூங்கு.

மீனு: தீயினாற் சுட்டபுண் மட்டும் அத்தை

சுந்தரி: தீயும் நாவும் சுடும், அது ஒற்றுமை. தீ சுட்ட புண் ஆறும், நாக்கு சுட்டது ஆறாது. ஒப்பிட்டுட்டுப் பிரிச்சா வேற்றுமை அணி.

மங்கை பெரியம்மா: பேர் வரிசை யார் முடிவு பண்றது?

முரளி: வயசு வரிசைதானே அண்ணி

மங்கை பெரியம்மா: அப்படியா? சரி, நாளைக்குப் பேசலாம்